புல்லாக்குப் புண்ணும் பகவதியின் கண்ணும்

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. ஒன்றைச் சொல்ல வந்தால் இன்னொன்று முந்திக்கொண்டு வந்து நிற்கும். வருஷம் மறந்துபோகும், சில நேரம் ஆள் பெயரும் நழுவிவிடும். வாசிக்கிறவர்கள் கோபப்படாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற நான் அச்சில் பேச வந்திருக்கிறேன் என்றால் அதற்கு ஜெயாதான் காரணம்.

ஜெயா என் கடைசித் தங்கையின் மகள். நாகர்கோவிலில் ஒரு நகைக்கடையில் காது, மூக்குக் குத்தும் வேலை பார்க்கிறாள். இப்போது அதற்குத் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான் வந்திருக்கிறது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நாளுக்கு முன்பு கன்னியாகுமரி பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்தக் கடைக்குள் ஏறி உதட்டைக் காட்டினாளாம். கீழுதட்டில் புதிதாகக் குத்திய வளையம். சுற்றிலும் சிவந்து வீங்கி, வளையத்தில் பாதி சதைக்குள் போய்விட்டதாம். கடைப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாயந்திரம் ஜெயா என்னிடம் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, ஒதட்டுல குத்துன புண்ண எப்பிடிப் பாக்கணும்?"

உதடு நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது அதற்கு ஒரு விரற்கடை மேலே. இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சதையில் குத்தி, மேலுதட்டைத் தொட்டுக்கொண்டு தொங்கும்படி போடுவார்களே, புல்லாக்கு, அதைத்தான் பார்த்திருக்கிறேன். உதட்டின் கஷ்டமெல்லாம் அதற்கும் உண்டு. எப்போதும் ஈரம் படுகிற இடம், பேசினாலும் சிரித்தாலும் சாப்பிட்டாலும் அசைகிற இடம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜெயா போய் அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள், நாலைந்து நாளில் வீக்கம் வற்றிவிட்டதாம். அதிலிருந்து கடைப் பிள்ளைகள், அந்தக் காலத்து வேலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று விடாமல் கேட்கிறார்கள்.

நான் வேலை பார்த்தது கோட்டாற்றில் ஒரு ஆசாரி வீட்டில். என் அப்பா அங்கே உலைக்குத் துருத்தி போடுகிறவர். முன்கட்டில் நகை வேலை நடக்கும், உள்ளறையில் குத்து நடக்கும். உள்ளறை முழுக்க ஆசாரியின் அக்கா உமையம்மையின் ஆட்சி. என்னையும் பகவதி என்ற இன்னொரு பெண்ணையும் ஒரே வருஷத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அடுக்கிய வெற்றிலையில் குத்தினோம், வாழைத்தண்டில் குத்தினோம், பிறகு ஆட்டுக்குட்டியின் காதில் குத்தினோம். வெற்றிலையிலும் வாழைத்தண்டிலும் என் குத்துதான் நேராக விழுந்தது. உமையம்மை அக்காவே அதைப் பார்த்தாள். ஆனால் மனுஷ முகம் என் முன்னால் வந்து உட்கார்ந்து, சுற்றி நாலு பேர் பார்க்கவும் என் கை நடுங்கிற்று. பகவதிக்கு ஆள் கூடக்கூடக் கை இளகும்.

"இஞ்ச பாரு மக்கா, கூரைல ஒரு ஓணான் ஒனக்குப் பல்லக் காட்டுகு" என்பாள். பிள்ளை அண்ணாந்து பார்க்கும். "எங்க?" என்று கேட்பதற்குள் கம்பி ஏறியிருக்கும். பிள்ளை அழ மறந்து ஓணானைத் தேடிக்கொண்டிருக்கும்.

உமையம்மை அக்கா தாடையை மட்டும் அசைத்து வேலையைப் பங்கு வைத்தாள். "குத்து அவளுக்கு. புண்ணு ஒனக்கு."

அன்றைக்கு என் நெஞ்சில் விழுந்த கங்கு இன்றைக்கும் அணையவில்லை. குத்துகிறவளுக்கு வெற்றிலைத் தட்டு, தேங்காய், முண்டு. வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று, "என்ன கை, என்ன கை" என்பார்கள். நான் போவது மறுநாள் காலையில், வலி வந்த பிறகு. என் தலையைக் கண்டாலே பிள்ளைகள் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "பகவதியக்கா வருவாளா?" என்று என்னிடமே கேட்கும். புண் ஆறி, பொன் ஏறி, அந்தப் பிள்ளை கண்ணாடி பார்த்துச் சிரிக்கிற நாளில், "பகவதி குத்துன மூக்குல்லா" என்றுதான் ஊர் சொல்லும். அந்த மூக்கை விடியற்காலையில் எழுந்து கழுவினவள் யார் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரியும்.

உமையம்மை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயில் எந்நேரமும் வெற்றிலை, அதனால் பேச்சு குறைவு. புண்ணைக் காட்டினால் பார்க்க மாட்டாள். கிட்டே போய்க் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள். "மொதல்ல மோந்து பாருட்டி. பொறவு கண்ணத் தொற" என்று எனக்கும் அதைத்தான் பழக்கினாள். ஆறுகிற புண்ணுக்கு ஈரமண் மணம் இருக்கும். கெடப்போகிற புண், சிவப்பதற்கு முன்னாலேயே புளித்த மாவு மாதிரி மணக்கும். எல்லாம் சரியாக இருந்தால், "கெடக்கட்டு" என்பாள். அவள் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஆனால் பகவதியைச் செல்லமாக 'மக்கா' என்று கூப்பிடுவாள். என்னை வெறும் 'ஏட்டி'. ஒரு நாளாவது என்னை மக்கா என்று கூப்பிடுவாளா என்று பாத்திரம் கழுவும்போதுகூடக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

கடைப் பிள்ளைகள் கேட்ட பக்குவத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் கிட்டே போகவே கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற விட வேண்டும். வெளுத்த துணித் துண்டை அதில் நனைத்துக் கம்பியைச் சுற்றி ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது. பொருக்கு கட்டியிருந்தால் நகத்தால் பெயர்க்கக் கூடாது, ஊறித் தானாக வரும்வரை ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொருக்கோடு கம்பியைத் திருகினால் உள்ளே கிழியும். ஈரம் வற்றிய பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு விட்டால் அதில் தூசி ஒட்டும். சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து மேலுதட்டைத் துடைக்க வேண்டும். கத்தரிக்காய், கருவாடு ஆகாது. குப்புறப் படுக்கக் கூடாது, தலை துவட்டும்போது துணி கம்பியில் மாட்டாமல் பார்க்க வேண்டும். புதுத் துளையில் கனமான நகை கூடாது, கலப்பில்லாத பொன் கம்பிதான் கிடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. புண் சலம் வைத்துவிட்டால் பயந்துபோய்க் கம்பியை உருவிவிடாதீர்கள். உருவினால் துளையின் வாய் மூடிக்கொள்ளும், சீழ் உள்ளே நின்றுவிடும்.

இதுபோக எங்கள் உள்ளறையில் இன்னொரு நடப்பும் உண்டு. புதுக் குத்துப் புண் கண் படக்கூடாத பொருள். பசித்த கண்ணும் பொறாமைக் கண்ணும் பட்டால் புண் கெடும் என்பது எல்லோருக்கும் நம்பிக்கை. அதனால் உள்ளறை வாசலில் உமையம்மை அக்கா கருப்பட்டிச் சட்டியோடு நிற்பாள். உள்ளே நுழைகிற ஒவ்வொருத்தி வாயிலும் ஒரு துண்டு போடுவாள். வயிறு குளிர்ந்தவள் கண் குத்தாது என்று கணக்கு. எங்கள் இரண்டு பேருக்கும் அது உண்டு. கருப்பட்டி எவ்வளவு கரைந்தும் என் வயிறு குளிர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இனி அந்த ஆரல்வாய்மொழி வீட்டுக் கதை. எனக்கு அப்போது இருபதை ஒட்டி வயசு. நெல்லும் வயலும் உள்ள வீடு, பெண்ணின் பெயர் சிவகாமி. கன்னிப்பூ, அதுதான் முதல் போகம், அறுப்பு முடிந்து ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு புல்லாக்கு, சிவப்புக் கல்லும் முத்தும் கட்டினது. அந்த வீட்டுக்கு வருகிற மூத்த மருமகள் அதைப் போட்டுக்கொண்டுதான் மணையில் உட்கார வேண்டும். சிவகாமிக்கு நடு மூக்குக் குத்தியிருக்கவில்லை. ஆனி பிறந்ததும் வண்டி அனுப்பினார்கள், உமையம்மை அக்காவோடு நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

பகவதி குத்தினாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு சுவரோரம் நின்றேன். சிவகாமி கண்ணில் நீர் வழியச் சிரித்தாள், "இம்புட்டுத்தானா?" என்றாள். வீட்டுக்காரர்கள் பகவதிக்குக் கரை போட்ட முண்டு ஒன்று கொடுத்தார்கள். அந்தக் கரையின் நிறம் எனக்கு இன்றும் தெரியும், மாம்பழ மஞ்சள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பெண்ணின் அத்தை ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள்.

"யாரு அந்தப் பிள்ளை? அவ பாக்க பார்வை செரியில்லயே" என்று உமையம்மை அக்காவிடம் கேட்டாள்.

அக்கா எனக்கு இன்னொரு துண்டு கருப்பட்டி தந்தாள். எல்லோரும் பார்க்க அதை மென்றேன்.

அந்த வீட்டிலேயே தங்கிப் புண் பார்த்தேன். முதலில் நன்றாகத்தான் ஆறி வந்தது. ஆனால் ஆனி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்றை அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கணவாய் வழியாக வந்து கதவை உதைக்கும், சோற்றில் மண்ணைப் போடும். ஒரு காலையில் புண்ணை மோந்தேன், லேசான புளிப்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வேளை கழுவுவதை நாலு வேளையாக்க வேண்டும், பெண்ணை உள்ளறையிலேயே வைக்க வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். என் வாய்க்குள்ளேயே சொன்னேன் போலிருக்கிறது. அவளுக்கு ஒன்றுதான் கேட்டது, புண் கெடப்போகிறது என்பது.

"நல்லா இருக்க புண்ணப் பாத்துக் கெடப்போவுதுங்கியே. நீ வைத்தியத்துக்கு வந்தியா, கண்ணு வைக்க வந்தியா?"

எனக்கு அழுகைதான் வந்தது. அன்றைக்கே வண்டியில் ஏற்றிக் கோட்டாற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். உமையம்மை அக்கா விஷயத்தைக் கேட்டாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நின்றேன். "இனி நீ அங்க போவாண்டாம்" என்றாள். பகவதியைப் பார்த்து, "மக்கா, நீ போயிப் பாத்துக்கிடு" என்றாள். கண் வைக்கிறவள் என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் எந்த வீட்டிலும் புண்ணுக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள். எனக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான். அதுவும் அவளிடம் போயிற்று.

அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். என் கண்ணைக் கழிக்க அந்த அத்தை ஒரு காரியம் செய்தாள். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துக் கண்ணேறு மை ஆக்கி, கம்பியைச் சுற்றிக் காலையும் மாலையும் அப்பினாள். பிள்ளைகளுக்குக் கன்னத்தில் வைப்பது சரி, பச்சைப் புண்ணில் வைக்கலாமா? எண்ணெயில் மண் ஒட்டிற்று, மண்ணோடு கரி துளைக்குள் போயிற்று. கெட வேண்டாம் என்று வைத்தது கெடுத்தது. கெடக்கெட, என் கண் பொல்லாத கண் என்று மையை இன்னும் கூட்டினார்கள்.

கொஞ்ச நாள் கழிந்து பகவதி வந்தாள். நான் புறக்கடையில் எண்ணெய்ச் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முகம் கறுத்துப்போய் என் பக்கத்தில் குத்தவைத்தாள்.

"பிச்சி, வண்டி நிக்கி. கெளம்பு."

"எங்க?"

"ஆரவாமொழிக்கு. அந்தப் பிள்ளைக்கு மேலொதடு வழுதலங்கா கணக்கா வீங்கிக் கெடக்கு. கம்பியே தெரியல்ல. காச்சலும் அடிக்கி. அத்தைக்காரி கம்பிய உருவணும்னு நிக்கா. மாப்பிள்ளை வீட்டுல கேள்விப்பட்டா கல்யாணம் நின்னுபோவும். எனக்குக் குத்தத்தான் தெரியும். மோந்து பாத்தேன், எனக்கு எல்லாம் ஒரே மணமாத்தான் இருக்கு."

எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடிற்று. கருப்பட்டி தராத குளிர்ச்சி.

"எனக்க கண்ணு பெட்டுருமே" என்றேன்.

"பெடட்டு. இனிப் பெட அதுல எடமில்ல. வா ஏட்டி."

"அந்த அத்தை விடமாட்டா."

"அதுக்குத்தான் ஒரு வேலை வச்சிருக்கேன்."

வழி முழுக்க அது என்ன வேலை என்று சொல்லவில்லை. வண்டியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். போய்ச் சேர்ந்தபோது வாசலில் அத்தை கையை விரித்து மறித்தாள். "இந்தக் கண்ணையா திரும்பக் கூட்டியாந்தா?"

பகவதி வண்டியிலிருந்து குதித்து, முற்றத்தின் நடுவில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"யம்மா, கண்ணு இவளுக்கது இல்ல. எனக்கது. எனக்கு வயசு ஏறிட்டு, ஒரு வரன் வரல்ல. இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம், மூக்குக்கு முத்து. பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது. குத்துன கையும் எனக்கது, பெட்ட கண்ணும் எனக்கது. நான் உள்ள வரல்ல, வண்டிலயே இருக்கேன். இவள விடுங்கோ."

அத்தை ஒதுங்கி வழி விட்டாள். பகவதி திரும்பிப் போய் வண்டியில் ஏறி, மண்ணை வாரி அடிக்கிற காற்றில் தலையில் முண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த மாம்பழ மஞ்சள் கரை முண்டுதான்.

உள்ளே போனேன். சிவகாமிக்குக் கண் திறக்க முடியவில்லை. முகத்தில் கரியும் பொருக்கும் சேர்ந்து தார் பூசினது மாதிரி இருந்தது. மோந்தேன். நாற்றம் இருந்தது, ஆனால் சதை செத்த நாற்றம் இல்லை. அது தெரிந்ததும் என் கை நிலைத்தது. சுற்றி எட்டுப் பத்துப் பேர் பார்த்தும் அன்றைக்கு மட்டும் நடுங்கவில்லை.

"கம்பிய உருவணும்லா?" என்று அத்தை கேட்டாள்.

"உருவாண்டாம். சலம் வெளிய வர அது ஒண்ணுதான் வழி" என்றேன். உரக்கச் சொன்னேன்.

உப்பு வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினேன். ஆறினால் மாற்றினேன், மறுபடி ஒற்றினேன். ஆமணக்கெண்ணெய் மை லேசில் விடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரி இளகி வந்தது. பொழுது சாய்வதற்குள் கம்பியின் ஒரு முனை தெரிந்தது. அதை அசைக்காமல் சுற்றிலும் ஒற்ற ஒற்ற, துளையின் ஓரமாகச் சீழ் தானாக வடிந்தது. சிவகாமி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அக்கா, எனக்க மூக்கு இருக்கா?"

"இருக்கு மக்கா. அழகா இருக்கு" என்றேன். அழகாக ஒன்றும் இல்லை அப்போது.

அந்த வீட்டில் பிறகு நான் சொன்னதுதான் சட்டம். காற்று வருகிற சன்னலுக்குச் சாக்கு கட்டினார்கள். கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் உதட்டில் படாமல் கொடுத்தார்கள். மைச் சட்டியை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன், அத்தை பார்த்துக்கொண்டு நின்றாள். ஆடி பிறக்கும்போது வீக்கம் வற்றி, கம்பி துளையில் தளர்ந்து நின்றது. உமையம்மை அக்கா வண்டி போட்டு வந்தாள். பகவதியும் கூட வந்து வாசலிலேயே நின்றாள். அக்கா குனிந்து, கண்ணை மூடி, வெகுநேரம் மோந்தாள்.

"கெடக்கட்டு" என்றாள்.

பிறகு நிமிர்ந்து, "மக்கா" என்றாள். எனக்கு மேலெல்லாம் புல்லரித்து, "என்னக்கா?" என்று திரும்பினேன். அவள் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள வா மக்கா. கண்ணெல்லாம் கழிஞ்சாச்சு."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள். புல்லாக்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். யார் போடுவது என்று கேட்டபோது சிவகாமி தலையைக் குனிந்துகொண்டு, "பகவதியக்கா போடட்டும்" என்றாள். "இந்தப் பிள்ளைக்காகப் பேரைக் கெடுத்துக்கிட்டாளே பகவதி" என்று பெண்கள் எல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். கண் வைத்ததாக அவளே சொன்ன பேரை ஊர் ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் இருந்ததைவிடப் பெரிய பேராகத் திருப்பிக் கொடுத்தது. பகவதி புல்லாக்கைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீ போடு பிச்சி. இது நீ ஆத்துன துளை." அத்தனை பேர் முகமும் என் பக்கம் திரும்பிற்று. என் கை நடுங்கிற்று. அவளே போட்டாள்.

நான் பார்த்ததெல்லாம் எனக்கு ஒன்றுதான் சொல்லிற்று. பகவதியிடம் கை இருந்தது, வாய் இருந்தது, அக்காவின் 'மக்கா' இருந்தது. என்னிடம் ஒரு பொறாமை இருந்தது, வேறொன்றும் இல்லை. அதையும் நடு முற்றத்தில் நின்று தன்னுடையது என்று சொல்லி எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு அதற்கும் புகழ் வாங்கினாள். நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன், பலமுறை சொன்னேன். சொல்லும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

பிறகு அவளுக்கும் வரன் வந்து புதுக்கடை என்ற ஊருக்குப் போனாள். குத்து வேலையும் என்னிடம் வந்தது. என் கண்ணுக்குத் தெரியும்படி அவள் இல்லை என்பதால் கை நடுக்கம் குறைந்தது. அதன் பின் எத்தனையோ மூக்குக் குத்தினேன், ஆற்றினேன். சொல்லும்படி ஒன்றும் இல்லை.

இதில் மாதம், முறை எதுவும் தப்பாக இருக்கலாம். ஜெயாவோ கடைப் பிள்ளைகளோ யாராவது ஒருத்தி சரிபார்த்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். உமையம்மை அக்கா இல்லை, சிவகாமியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். விவரம் தெரிந்தவள் இனி பகவதி ஒருத்திதான். புதுக்கடையில் மகன் வீட்டில் இருக்கிறாள், காது கேட்கிறது, ஞாபகமும் தெளிவு என்கிறார்கள், அதிலும் அவள்தான் முந்தி. போய்க் கேளுங்கள். புண்ணை ஆற்றியது பிச்சிதான் என்று நான் எழுதியதைவிடக் கூட்டியே சொல்லுவாள். மையைப் பற்றிக் கேளுங்கள், கம்பியைப் பற்றிக் கேளுங்கள், எது தப்போ திருத்திக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் வயிறு எரிந்தது யாருக்கு என்று மட்டும் அவளிடம் கேட்க வேண்டாம். தனக்குத்தான் என்று இப்போதும் சொல்லுவாள். அதைக் கேட்டு நான் எழுதியதைத் திருத்திவிடாதீர்கள். அந்த எரிச்சல் என்னுடையது.